பரண் பெட்டியில் கிடைத்த போர்ப் பதக்கங்கள்: தேய்த்து விளக்கலாமா, கூடாதா?

வெட்டாறு (இழையைத் தொடங்கியவர்)

ஒரத்தநாடு பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்த தகரப்பெட்டியில் நான்கு பதக்கங்கள் கிடைத்துள்ளன. வீட்டுக்காரர்கள் சார்பில் விவரம் கேட்கிறேன்.

1. வெள்ளி வட்டம். முழுக்கக் கறுத்திருக்கிறது. குதிரைமேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள். எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ அடைந்திருக்கிறது.
2. செம்பழுப்பு வட்டம். சிறகு விரித்த பெண் உருவம். வானவில் நிற ரிப்பன், பாதி பூச்சி அரித்தது.
3. ஆறு முனை நட்சத்திரம், மஞ்சள் உலோகம். நடுவில் கிரீடம், பர்மா ஸ்டார் என்று ஆங்கில எழுத்து. ஒரு முனையிலும் வளையத்தடியிலும் வெளிர் பச்சைத் தூள்.
4. வெள்ளை உலோக வட்டம். பின்புறம் இந்திய வரைபடம், 1939-45.

நான்கையும் விளக்கிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்பது வீட்டுப் பெரியவரின் விருப்பம். புளி, விபூதி இரண்டும் தயாராக இருக்கின்றன. தடுத்து வைத்திருக்கிறேன்.

பழங்காசு

தடுத்தது நல்ல காரியம். முதல் இரண்டும் ஒரு தலைமுறை, அடுத்த இரண்டும் அதற்கடுத்த தலைமுறை. முதலாவது பிரிட்டிஷ் வார் மெடல், இரண்டாவது விக்டரி மெடல். இரண்டும் முதல் உலகப் போருக்கானவை. மூன்றாவது பெயரிலேயே இருக்கிறது. நான்காவது இந்தியா சர்வீஸ் மெடல்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் வட்டப் பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். முகப்பில் இருப்பது ராஜா தலையும் குதிரையும்தான்; லட்சக்கணக்கில் அடித்தவை, எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இந்தப் பதக்கம் இன்னார் உடையது என்று சொல்வது விளிம்பில் பொறித்த எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அந்த எழுத்தின் ஆழம் மயிரிழை அளவுதான். நான்கு தீபாவளிக்கு விபூதி போட்டு விளக்கினால் ராஜா மூக்கு மழுங்கும். விளிம்பு எழுத்து அதற்கு முன்பே போய்விடும், ஏனென்றால் கட்டைவிரல் அழுத்தம் விழுவது விளிம்பில்தான்.

நட்சத்திரத்துக்கு எழுத வாகான விளிம்பு கிடையாது. இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களை பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் இல்லாமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பின்புறம் பெயர் பொறித்திருக்கும். திருப்பிப் பாருங்கள்.

பள்ளத்தில் உள்ள வெள்ளை பழைய விபூதியோ பல்பொடியோதான். ஏற்கெனவே யாரோ விளக்கியிருக்கிறார்கள்.

அரசலாறு

அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெள்ளியாக இல்லாமல் செம்பு நிறத்தில் பிரிட்டிஷ் வார் மெடல் கிடைத்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொழிலாளர் படைகளில் போனவர்களுக்கு வெண்கலத்திலும் அதே பதக்கம் அடித்தார்கள். எண்ணிக்கையில் வெள்ளியைவிட மிகக் குறைவு. அதேபோல 1854ஆம் ஆண்டு வரிசை இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடலில் பர்மா 1885-7 என்ற உலோகப் பட்டையோடு வருவது. பழைய மதராஸ் படை போன சண்டை அது, ஆகவே நம் பக்கம் கிடைக்க வாய்ப்புள்ளது. சிப்பாய்க்கு வெள்ளி, பின்னால் சுமை தூக்கியும் சமைத்தும் போனவர்களுக்கு வெண்கலம். உலோகத்திலேயே அந்தக் காலத்துப் படிநிலை தெரிந்துவிடும்.

இன்னும் பழையது ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம், 1799. புலியை வீழ்த்தும் சிங்கம் போட்டது. அதிகாரிகளுக்குத் தங்கமும் வெள்ளியும், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். பழைய ஈயப் பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போடக்கூடிய தோற்றம்தான் அதற்கு. 48 மில்லிமீட்டர் குறுக்களவு, சிங்கமும் புலியும் இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

வெட்டாறு

விளிம்பில் எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை. கரி பூசித் தாளில் ஒற்றி எடுக்கலாமா?

பழங்காசு

வேண்டாம். அழுத்தவும் கூடாது, கரியும் பள்ளத்தில் தங்கிவிடும். மொபைல் போதும்.

இரண்டு அழிரப்பர் நடுவே பதக்கத்தைச் சக்கரம்போல நிறுத்துங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தை விளிம்புக்குப் பக்கவாட்டில் ஏறக்குறையத் தரையோடு தரையாக விடுங்கள். நேராக அடித்தால் கறுப்பு உலோகம் பளபளத்து எழுத்து மறையும். சாய்த்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எட்டு படம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போகும். பருத்திக் கையுறை வழுக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் கை கழுவித் துடைத்துவிட்டு. வெறுங்கை வியர்வையில் உப்பு இருக்கிறது.

படம் எடுத்தபின் வெர்னியர் காலிப்பரால் குறுக்களவு பாருங்கள். வார் மெடல், விக்டரி மெடல் இரண்டும் 36 மில்லிமீட்டர். விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் கால் மில்லிமீட்டர் குறைந்தால் பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கிறார்கள். முழுச் சுற்றும் குறைந்து, முகத்தில் ஊசிக்குத்துப்போல் குழிகள் இருந்தால் அச்சு வார்ப்பு, அதாவது நகல்.

பத்தர்_குடந்தை

விளிம்பு பற்றிப் பேசுவதால் ஒரு வார்த்தை. அடகுக்கடையிலோ பட்டறையிலோ வெள்ளியா என்று பார்க்கக் கொடுத்தால் முதலில் உரைகல்லில் தேய்ப்பது விளிம்பைத்தான். சந்தேகம் வந்தால் அரம் போட்டு ஒரு வெட்டு. தொழிலில் அது சரியான முறை. பதக்கத்துக்கு அது சாவு. தரம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே எந்திரம் இருக்கிறது, கீறல் இல்லாமல் ஒரு நிமிடத்தில் சொல்லும். வார் மெடல் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925.

இன்னொன்று. குழந்தைக்குக் கழுத்தில் போட மேலே உள்ள தொங்கலை வெட்டிவிட்டு வளையம் பற்றவைத்த பதக்கங்கள் உண்டு. அந்த வளையத்தை எடுத்துத் தரச் சொல்லிப் பட்டறைக்கு வராதீர்கள். பற்றாசு இளக வெள்ளியைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும், பிறகு அமிலத்தில் வெளுக்கப் போட வேண்டும். முகமும் எழுத்தும் மேலோடு போகும். வளையம் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் அந்தப் பதக்கத்தின் வரலாறுதான்.

களிம்பு

மூன்றாவதுதான் அவசரம். மற்ற மூன்றும் பத்து வருடம் காத்திருக்கும்.

செம்புக் கலப்பில் பச்சை மூன்று விதம். கரும்பச்சையாக, வழவழப்பாக, நகத்துக்கு அசையாமல் ஒட்டியிருப்பது பழைய களிம்பு. அது உலோகத்துக்குப் போர்வை, விட்டுவிடலாம். மெழுகுபோலப் பிசுபிசுவென்று, ரிப்பன் வளையத்தைச் சுற்றி மட்டும் திரள்வது எண்ணெய்ப் பசையும் செம்பும் சேர்ந்தது; பல்குச்சி முனையில் பஞ்சு சுற்றி அசிட்டோன் தொட்டு எடுத்தால் வந்துவிடும். வெளிர் பச்சையாக, மாவுபோல, தட்டினால் உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் சின்னக் குழி தெரிவது மூன்றாவது விதம். வெண்கல நோய் என்பது அதைத்தான். நீங்கள் சொல்லும் விவரம் அதைப்போலவே இருக்கிறது.

காரணம் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கும். காற்றில் ஈரம் 42, 45 சதவீதத்தைத் தாண்டும்போதெல்லாம் ஈரத்தையும் பிராணவாயுவையும் உறிஞ்சிப் பச்சைத் தூளாகப் பொங்கும், கூடவே அமிலம் விடும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்னும். தானாக நிற்காது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் 80க்கு மேல். கோடையில்கூட 45க்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு.

உப்பு எங்கிருந்து வருகிறது? நாகை, வேதாரண்யம் பக்கமென்றால் காற்றே போதும். உள்ளூரில் பெரும்பாலும் நம் கைவேலைதான்: பித்தளையைப் புளியும் உப்பும் சேர்த்து விளக்குகிறோமே, அது. குத்துவிளக்கைத் தண்ணீரில் முக்கி அலசி வெயிலில் காயவைப்பதால் பெரிதாகத் தெரிவதில்லை. பதக்கத்தில் வளையம் பொருந்தும் சந்து, எழுத்துப் பள்ளம் எல்லாவற்றிலும் அந்தக் கரைசல் தங்கிவிடும். கூடவே புளியின் அமிலம் மேல்தோலிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடுவதால் மஞ்சள் உலோகம் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பு திரும்ப மஞ்சளாகாது.

வெட்டாறு

அப்படியானால் நட்சத்திரத்துக்கு என்ன செய்வது? வரிசையாகச் சொல்லுங்கள்.

களிம்பு

முதலில் மற்ற பதக்கங்களிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு நோய்தானா என்று உறுதி செய்யுங்கள். தூள் உள்ள இடங்களைப் படம் எடுத்துவிட்டு, மூங்கில் சிராயால் தூளைத் தட்டி எடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்துக்கொண்டு, மெதுவாக. இரும்பு ஊசி வேண்டாம். ஒரு மூடி போட்ட டப்பாவில் ஈரப்பஞ்சு ஒரு மூலையில், பதக்கம் இன்னொரு மூலையில், ஒன்றையொன்று தொடாமல் இரண்டு நாள். சுத்தம் செய்த இடத்தில் புதுசாக வெளிர் பச்சைப் புள்ளி முளைத்தால் நோய் உயிரோடிருக்கிறது.

முளைத்தால் ரிப்பனைக் கழற்றிவிட்டு வடிநீரில் ஊறப் போடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, கடலோரத்தில் அதுவே உப்பு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும், அது போதும். கண்ணாடிப் பாத்திரத்தில் 200 மில்லி, தினம் மாற்ற வேண்டும். குளோரைடு வெளியேறுகிறதா என்று பார்க்க: பழைய நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு. பால்போலக் கலங்கினால் இன்னும் உப்பு வருகிறது. பக்கத்துப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இரண்டுமே இருக்கும். கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை தொடருங்கள். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பிறகு அசிட்டோனில் முக்கி எடுத்து, காற்றோட்டத்தில் காயவைத்து, உடனே உலர் டப்பாவுக்குள்.

இதற்கடுத்த படி பென்சோட்ரையசோல், எரிசாராயத்தில் 3 சதவீதம், ஒரு நாள் ஊறல். செம்பின் மேல் மெல்லிய காப்பு கட்டும். அது நச்சு, சமையலறையில் செய்யும் வேலையல்ல. பாதுகாப்புப் பணி தெரிந்த ஆய்வகத்தில் கொடுத்துச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஊறப் போடுவது ஒரே உலோகத்தாலான பொருளுக்கு மட்டும். முலாம் பூசியது, வேறு உலோகப் பட்டை ஒட்டியது எதையும் ஊறப் போடாதீர்கள்.

அரசலாறு

கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், வேதாரண்யம் பக்கம் நனைந்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினை பொருந்தும். அப்போது துடைத்து வைத்த பித்தளை இப்போது மாவு விடும். வெள்ளியென்றால் பெரும்பாலும் பச்சை வராது, சாம்பல் ஊதாவாகத் தடித்த தோல் கட்டும். அதைச் சுரண்டினால் எழுத்தும் அதோடு வரும்.

தென்னை_ஓலை

வெள்ளிக்கு யூடியூபில் சொல்கிறார்களே, அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர். தேய்க்கவே வேண்டாம், கறுப்பு தானாகப் போகும். விளிம்பு தேயாது அல்லவா?

களிம்பு

தேயாது, உண்மை. கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. அந்த முறையில் கந்தகம் அலுமினியத்துக்குப் போய் வெள்ளி திரும்ப முகத்திலேயே படிகிறது. ஆனால் பஞ்சுபோலப் படிகிறது. பதக்கம் சுண்ணாம்படித்த மாதிரி மங்கலாக நிற்கும், முன்னைவிட வேகமாகக் கறுக்கும். தொங்கல் பதக்கத்தைக் கவ்வுமிடத்தில் சோடா நீர் போய்த் தங்கும். வெளியே வராது.

கறுப்பைக் கறுப்பாகவே விடுவதுதான் என் பரிந்துரை. எழுத்துப் பள்ளத்தில் கறுப்பு இருப்பதால்தான் படிக்கவே முடிகிறது.

பத்தர்_குடந்தை

இதில் எனக்கு உடன்பாடில்லை. கந்தகக் கறுப்பு ஒரு அளவுக்கு மேல் தடித்தால் செதிலாக உதிரும். உதிரும்போது கூடவே வெள்ளியும் வரும். அப்படித் தடித்ததை ஒருமுறை மட்டும், விளிம்பைத் தொடாமல், முகத்தில் மட்டும் மெலிதாக்குவது தவறில்லை. வடிநீரில் படிவுச் சுண்ணாம்புத் தூளைக் கூழாகக் குழைத்து, பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றி, பஞ்சு கறுத்தவுடன் மாற்றி. சுத்தமான கால்சியம் கார்பனேட், மருந்துத் தரம். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, அது காரம்.

களிம்பு

செதில் விடும் நிலை வந்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன். இவர் பதக்கம் அந்த நிலையில் இருக்கிறதா என்பது படம் பார்த்தால்தான் தெரியும். விபூதியை எடுக்க அதுகூடத் தேவையில்லை: ஒரு லிட்டர் வடிநீரில் மணமில்லாத பாத்திர சோப்பு நீர் இரண்டு சொட்டு, மென்மையான ஓவியத் தூரிகை, பிறகு வெறும் வடிநீர், பிறகு அசிட்டோன் தொட்ட பஞ்சு. அவ்வளவே. விக்டரி மெடலுக்கு அசிட்டோனும் கூடாது, அதன்மேல் அக்காலத்துப் பூச்சு உண்டு, கரைந்துவிடும்.

தறி

ரிப்பனை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

முதல் போர் ரிப்பன் பட்டு. துவைக்கவே கூடாது. வானவில் சாயம் ஒன்றோடொன்று ஓடிவிடும். நீரலைபோலத் தெரியும் பளபளப்பு பட்டுத் துணியை அழுத்தி உண்டாக்கியது, நனைந்தால் எழும்பிப் போகும். பாதி அரித்திருந்தாலும் அதை எறிந்துவிட்டுப் புது ரிப்பன் கோக்காதீர்கள். பார்வைக்கு வைக்கப் புது ரிப்பன் வேண்டுமென்றால் அதே அகலத்தில் வாங்கித் தனியாகக் கோத்துக்கொள்ளலாம், பழையது உறைக்குள் போகட்டும்.

பூச்சிக்கு: ரிப்பனை மட்டும் அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, பிரிட்ஜின் மேல்தட்டு பிரீசரில் −18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியில் இருந்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டின்மேல் வியர்க்கும். பாச்சை உருண்டை வேண்டாம். ஆவி பிளாஸ்டிக் உறையை இளக்கி ஒட்டவைக்கும். வேப்பிலை பச்சையாகப் போட்டால் ஈரம்தான் மிச்சம்.

தென்னை_ஓலை

சட்டம் போடுவது பற்றி? பெரியவர் அதைத்தானே கேட்கிறார்.

தறி

கடையில் போட்டுத் தரும் சட்டத்தில் பின்னால் பிளைவுட், அதன்மேல் சிவப்புக் கம்பளித் துணி, அதில் பெவிகால் வைத்து ஒட்டிய பதக்கம். மூன்றும் எதிரிதான். கம்பளி கந்தகம் விடும், பிளைவுட் அமில ஆவி விடும், பசை பின்புற எழுத்தை மூடும். ஏற்கெனவே அப்படி ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்பாதீர்கள். துணியைச் சுற்றிலும் வெட்டிப் பதக்கத்தோடு எடுத்து, பிறகு பசையை இளக்குங்கள்.

சட்டம் வேண்டுமென்றால் பதக்கங்களின் இருபுறப் படத்தையும் விளிம்பெழுத்தின் படத்தையும் அச்சிட்டு மாட்டலாம். சுவரில் அது இருக்கட்டும். பூஜையறையில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் பதக்கத்தை வைத்துப் பொட்டிடும் வழக்கமும் உண்டு. குங்குமம் ரிப்பனில் ஏறினால் எடுக்கவே முடியாது, சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். படத்துக்கே பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

களிம்பு

பதக்கத்துக்கு டப்பா: ரப்பர் பட்டை உள்ள இறுக்கமூடி பிளாஸ்டிக் டப்பா, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் உள்ளதா பார்த்து வாங்குங்கள். 3 போட்டது பிவிசி; நாணய ஆல்பத்தில் பச்சைப் பசை ஊறுவது அதனால்தான். ஒரு லிட்டர் டப்பாவுக்கு 20 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் குருணை) என்பது பொதுக் கணக்கு. அடிக்கடி திறப்பீர்கள், நம் காற்றும் ஈரம், 40 போடுங்கள். ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள், ஈரம் ஏறினால் நிறம் மாறும். நீல நிறத்தது கோபால்ட் கலந்தது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆகாது. நிறம் மாறியதும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று, முள் 40க்குக் கீழ் நிற்க வேண்டும்.

தறி

அந்த 40 உலோகத்துக்கு. பட்டு அவ்வளவு வறண்டால் முறியும், அதற்கு 50 வேண்டும். ஆகவே ரிப்பன் தனி டப்பா.

களிம்பு

ரிப்பன் பதக்கத்தோடு கையால் தைத்திருந்தால்?

தறி

தையலை வெட்டக் கூடாது, அது படைப்பிரிவுத் தையற்காரர் போட்டதாக இருக்கலாம். பச்சைத் தூள் விடும் பதக்கமென்றால் மட்டும் படம் எடுத்துவிட்டு வெட்டலாம். மற்றவற்றுக்கு 45ல் வைத்துச் சமாளியுங்கள்.

வெட்டாறு

விளிம்பு படித்தாயிற்று. வெள்ளிப் பதக்கத்தில் நான்கிலக்க எண், பதவிச் சுருக்கம், பெயர், கடைசியில் 75 என்ற எண்ணும் கர்நாடிக் என்ற சொல்லும். நம் ஊர் ஆள் எப்படி அங்கே?

பழங்காசு

கர்நாடிக் என்றதும் மைசூர்ப் பக்கம் போகாதீர்கள். ஆற்காடு நவாபின் சீமைக்குக் கம்பெனிக் காலத்தில் வழங்கிய பெயர் அது. 75ஆம் கர்நாடிக் காலாட்படை மதராஸ் படையைச் சேர்ந்தது. 1922 மறுசீரமைப்பில் 73, 75, 79 கர்நாடிக் முதலியவை 3ஆம் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாளியன்களாயின. அந்தப் பத்தாண்டுக்குள் ரெஜிமெண்டையே கலைத்துவிட்டு, இரண்டாம் போர் நடுவில் மறுபடி எழுப்பினார்கள். இன்று மதராஸ் ரெஜிமெண்டின் மையம் வெல்லிங்டனில். சாப்பர் படை, அதாவது பொறியாளர் படை, கலையாமல் தொடர்ந்தது, அதன் மையம் பெங்களூரில்.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணையும் படைப்பிரிவையும் நம்புங்கள். கோவிந்தசாமி என்பதை எழுத்தர் காதில் விழுந்தபடி எத்தனை விதமாகவும் எழுதியிருப்பார். எண்ணும் தனியாக உதவாது, ஒரே எண் வெவ்வேறு படைப்பிரிவில் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள். போரில் இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். நந்தம்பாக்கம் கல்லறையில் முதல் போருக்கான மதராஸ் நினைவுச் சின்னமும் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பதக்கத்தோடு 120 மில்லிமீட்டர் வெண்கலத் தட்டும் வந்திருக்கும்: பிரிட்டானியா, சிங்கம், பெயர் மட்டும், பதவி கிடையாது. பெட்டியில் அது இல்லையென்றால் அவர் பிழைத்துத் திரும்பியவராக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் போர்க்காரருக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள், திரும்ப எடுக்க வழியே கிடையாது. அந்த விவரத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வாரிசு எழுதிக் கேட்கலாம்.

எண், பெயர் முழுவதையும் இங்கே போடாமல் விட்டது நல்லது. அதை வைத்து நகல் அடித்து விற்பவர்கள் உண்டு.

அரசலாறு

விற்பனை என்றதும் சட்டம். நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டு ஏலத்துக்குத் தபாலில் அனுப்புவது குற்றம். முதல் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டியவை. பரணில் கிடைத்தது குடும்பச் சொத்து. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் ரசீதில் ‘வெள்ளிப் பதக்கம் ஒன்று’ என்று எழுத விடாதீர்கள். விளிம்பெழுத்து எழுத்துக்கு எழுத்து ரசீதில் வரட்டும்.

பழங்காசு

வெட்டாறு, ஒரு கணக்கு இடிக்கிறது. பர்மா ஸ்டார் வாங்கியவருக்கு 1939-45 வார் மெடல் கட்டாயம் உண்டு. அதற்கு 28 நாள் சேவை போதும். 1939-45 ஸ்டாரும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் பெட்டியில் இல்லையே. அடியில் விரித்த தாளுக்குக் கீழே பார்த்தீர்களா?

வெட்டாறு

பார்த்தேன். பதக்கம் இல்லை. துணிப்பட்டை ஒன்று மட்டும், உள்ளங்கை நீளம், பின்னால் துருப்பிடித்த ஊசி. இடமிருந்து: கருநீலம், சிவப்பு, இளநீலம் சம அகலத்தில். அடுத்து நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் நீலமும் ஆரஞ்சும். அடுத்து நடுவில் மெல்லிய சிவப்பு, பக்கத்தில் வெள்ளை, நீலம், ஓரத்தில் அகலச் சிவப்பு. கடைசியில் கருநீலத்தில் இளநீலக் கோடுகள்.

பழங்காசு

1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல். அணியும் வரிசை மாறாமல் இருக்கிறது. ஆக அவருக்கு நான்கு, வீட்டில் இருப்பது இரண்டு. மற்ற இரண்டும் வேறு வாரிசு வீட்டில் இருக்கலாம். வார் மெடலில் ராஜா தலைக்கு மறுபக்கத்தில் இரட்டைத்தலை டிராகன் மேல் சிங்கம் நிற்கும். அப்படிச் சொல்லிக் கேளுங்கள், விளிம்பில் இவருடைய மற்ற இரண்டு பதக்கத்திலுள்ள எண்ணே இருக்க வேண்டும்.

ஊசியைப் பிடுங்காதீர்கள், துணியோடு வரும்.

தறி

துருவுக்கும் துணிக்கும் நடுவே பாலியெஸ்டர் தாள் ஒரு துண்டு செருகி, ரிப்பன் டப்பாவிலேயே வையுங்கள். பிரீசர் அதற்கும் இரண்டு வாரம்.